எதிர்க்கடையில் மாட்டிய ரயில் ஹாரன்

லாரிக்கு ரயில் ஹாரன் வேண்டும் என்று ஒருவர் உங்கள் கடைக்கு வந்தால், எவ்வளவு சத்தம் வேண்டும் என்று கேட்காதீர்கள். சத்தம் எல்லோருக்கும் நிறையத்தான் வேண்டும். எந்த ரோட்டில் ஓட்டப் போகிறார் என்று கேளுங்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் அதைக் கேட்பதே இல்லை. பெட்டியைப் பிரிக்கிறீர்கள், ஒரு தடவை அடித்துக் காட்டுகிறீர்கள், வந்தவர் முகம் மலர்ந்ததும் பில் போட்டுவிடுகிறீர்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் எனக்கு எதிர்க்கடைக்காரர் ஞாபகமும் சேர்ந்தே வரும்.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில், மில்லுக்குப் போகிற ரோட்டில் என் கடை இருந்தது. லாரிக்கு லைட், ஹாரன், பேட்டரி வயரிங் எல்லாம் செய்வேன். அந்த ரோட்டில் அந்த வேலைக்கு நான் ஒருவன்தான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு தை மாதம் எனக்கு நேர் எதிரே இன்னொருவர் அதே வேலைக்குக் கடை திறந்தார்.

அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. மனுஷன் நல்ல வேலைக்காரர். வயரை அவர் கட்டினால் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். கடை முன்னால் கண்ணாடி அலமாரி வைத்து, அதில் ஹாரன்களைத் துடைத்துப் பளபளவென்று அடுக்கியிருந்தார். வருகிற டிரைவர்களை, "உக்காருங்ணா, டீ சாப்புடுங்" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். என் கடையில் உட்காரப் பழைய டயர்தான் இருந்தது. நானும் ஒரு பெஞ்ச் வாங்கிப் போட்டேன். அதில் யாரும் உட்காரவில்லை.

வயிறு எரிந்தது. வேறு நாகரிகமான வார்த்தை எனக்குத் தெரியவில்லை. காலையில் கடை திறந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கடைவாசலைத்தான் பார்ப்பேன். அங்கே இரண்டு வண்டி நின்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. பேசாமலாவது இருந்தேனா? அவர் கட்டிய வயர் ஒரே மாதத்தில் தீப்பிடிக்கும் என்று டீக்கடையில் சொன்னேன். ஒன்றும் தீப்பிடிக்கவில்லை. அவர் விற்கிற பேட்டரி ஆறு மாதம் தாங்காது என்றேன். அதுவும் தாங்கியது. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் டீக்கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள், இதனால்தான் பிற்பாடு நான் முழி பிதுங்கி நின்றேன்.

அந்த வருஷம் ரங்கசாமி என்று ஒருவர் வந்தார். நீலிக்கோணாம்பாளையத்துக்காரர். பல வருஷம் பிறத்தியார் வண்டியை ஓட்டிவிட்டு, மனைவியின் நகையையும் சேர்த்துப் போட்டு, சொந்தமாக ஒரு பழைய லாரி வாங்கியிருந்தார். வால்பாறை எஸ்டேட்டுகளிலிருந்து தேயிலை மூட்டை ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டு வரும் வேலையும் கிடைத்திருந்தது. நேராக என் கடைக்குத்தான் வந்தார். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இப்போதும் பெருமை.

"ஏனுங்க, நம்ம வண்டிக்கு ரயிலு ஹாரன் ஒண்ணு மாட்டோணுமுங்க. கொண்டை ஊசி வளைவுல பஸ்ஸுக்காரன் சர்ருனு வந்து மூஞ்சியில நிக்கறான். மஞ்சு எறங்கிப்போட்டா ஒண்ணுந் தெரியறதில்லீங்க. இப்ப இருக்கற ஹாரன அடிச்சா ஆட்டுக்குட்டி கத்தறாட்ட இருக்குது. ஆனா கையில அவ்வளவா இல்லீங்க, பாத்துச் செய்யுங்."

நியாயமான தேவைதான். நான் சிறுவயதில் எஸ்டேட் லாரிகளில் வயரிங் பார்த்துக்கொண்டே அந்த மலை ரோட்டில் பலமுறை ஏறி இறங்கியவன். அதனால் அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். இந்த ஹாரன் கரண்டில் ஊதுவதில்லை, காற்றில் ஊதுகிறது. லாரியில் காற்று இருப்பது பிரேக் டேங்கில். அந்தக் காற்றில்தான் பிரேக்கே பிடிக்கிறது. அதிலிருந்து நேராக ஹாரனுக்குப் பைப் இழுத்தால் ஒவ்வொரு ஊதலுக்கும் பிரேக்கின் காற்று குறையும். ஆகவே ஹாரனுக்கென்று தனியாகச் சின்ன டேங்க் வேண்டும். பிரேக் டேங்க் நிரம்பிய பிறகு மிச்சக் காற்றை மட்டும் அதற்குள் விடுகிற வால்வு ஒன்றும் வேண்டும். உங்கள் கையில் இருப்பதற்கு டேங்க்கும் வால்வும் வாங்கிவிட்டால், மிச்சத்துக்குச் சின்னதாக இரண்டு குழல் ஹாரன்தான் வரும் என்று சொல்லி, அதையே அடித்தும் காட்டினேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "என்னுங்க இது, மோப்பெட்டுச் சத்தமாட்ட இருக்குது. இதுக்கா இத்தன காசு?" என்றார். வாரேனுங்க என்று எழுந்தவர் ரோட்டைக் குறுக்கே கடந்தார். நேராகப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வந்தது.

இரண்டு நாளில் எதிர்க்கடையில் வேலை முடிந்தது. உக்கடம் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த மூன்று நீளக் குழல்கள். சிவப்புப் பெயின்ட் அடித்து, டிரைவர் கேபினுக்கு மேலே மாட்டியிருந்தார். முதல் தடவை அடித்தபோது என் கடையில் தொங்கிக்கொண்டிருந்த பல்புகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. மில் வாசலில் நின்றவர்கள் ரயில் எங்கே வருகிறது என்று திரும்பிப் பார்த்தார்கள். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. என் வீட்டம்மா ஈரக்கையோடு ஓடிவந்து, "அப்பா! என்ன சத்தமுங்க! நம்ம கடையிலயா மாட்டுனீங்க?" என்று கேட்டாள்.

வண்டி கிளம்பும்போது குனிந்து அடியில் பார்த்தேன். பைப் பிரேக் டேங்கிலிருந்து நேராக மேலே போயிருந்தது. தனி டேங்க் இல்லை, வால்வும் இல்லை. இருக்கிற காசு முழுவதும் குழலுக்கே போய்விட்டது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். மாட்டினான் பாரு என்றுதான் மனசு குதித்தது. அதன் பிறகுதான் அந்த மலை ரோடு ஞாபகத்துக்கு வந்தது. எதிர்க்கடைக்காரர் வேலை தெரியாதவர் இல்லை. ஆனால் அவர் அதுவரை வேலை செய்ததெல்லாம் சேலம், கொச்சி என்று சமவெளியில் ஓடுகிற வண்டிகளுக்கு. அங்கே டிரைவர் எப்போதாவது ஒரு தடவை ஹாரன் அடிப்பார், எஞ்சின் ஓடுகிற ஓட்டத்தில் காற்று மறுபடியும் நிரம்பிவிடும். மலையில் இறங்கும்போது ஆக்சிலேட்டரில் கால் இருக்காது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும், காற்றும் மெதுவாகத்தான் நிரம்பும். கால் பிரேக்கிலேயே இருக்கும். அதோடு வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்க வேண்டும். மஞ்சு இறங்கி ரோட்டை மறைத்தால் வளைவு வருவதற்கு முன்பிருந்தே அடிக்க வேண்டும். பிரேக்கும் ஹாரனும் ஒரே டேங்க்கை உறிஞ்சினால், பாதி மலையில் இரண்டுமே இருக்காது.

இது எனக்குத் தெரியும். யாரிடம் சொல்வது? டீக்கடையில் மெதுவாக ஆரம்பித்தேன். கடைக்காரர் பால் சட்டியைக் கிளறிக்கொண்டே, "ஏனுங் மாமா, வயரு, பேட்டரி எல்லாம் முடிஞ்சு இப்ப ஹாரனுக்கு வந்துட்டீங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் டீ சிந்தச் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் எனக்கே சந்தேகம் வந்தது. அந்த ஆள் சாகக் கூடாது என்பதற்காகச் சொல்ல நினைக்கிறேனா, இல்லை அந்தச் சிவப்புக் குழலைக் கழற்றிக் கீழே போட வேண்டும் என்பதற்காகவா? எவ்வளவு தோண்டிப் பார்த்தாலும் இரண்டும் பின்னிக் கிடந்தன. பிரிக்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை. மறுநாள் அதிகாலையில் வால்பாறைக்கு முதல் லோடு. பூஜையையும் எதிர்க்கடை வாசலிலேயே வைத்தார்கள். மாலை, சந்தனம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பூசணிக்காய், எல்லாம் அமர்க்களம். ரங்கசாமி புது வேட்டி கட்டி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் ஹாரன் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அழைப்பு இருந்தது. என் கடைவாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். ரங்கசாமியின் மனைவி தட்டில் பொங்கலும் பழமும் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"எடுத்துக்குங்ணா. ஏனுங்க, எல்லாரும் அங்க நிக்கறாங்க, நீங்க மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இங்கயே நிக்கறீங்?"

நான் பொங்கலை வாங்கிக்கொண்டேன். கையில் சூடு. கழுத்தில் அவருக்கு மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. வாயைத் திறந்துவிட்டேன். பைப், டேங்க், மலை இறக்கம் எல்லாவற்றையும் கொட்டினேன். கொட்டி முடித்ததும் எனக்கே கேவலமாக இருந்ததால், "நான் பொறாமையில சொல்றேன்னு எல்லாரும் சொல்லுவாங்க அம்மிணி" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "பொறாமையில சொன்னா சொல்லீட்டுப் போங்க. அது உங்க பாடு. நீங்க சொன்னது நெசமா, இல்லீங்களா?"

என் தொழிலில் இந்த மாதிரி ஒரு கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் ராத்திரியெல்லாம் உழப்பிக்கொண்டிருந்ததை அந்தம்மா ஒரே வீச்சில் இரண்டாக வெட்டிவிட்டார். "நெசமுங்க" என்றேன்.

அவர் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். சத்தம் போட்டார். பிறகு நடந்ததெல்லாம் ஒரே ரகளை. ரங்கசாமி வண்டியிலிருந்து குதித்து வந்தார். "நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா பேசறீங்களே, உங்களுக்கு நல்லாருக்குதுங்களா? நான் கியர்ல புடிச்சுத்தான் எறங்குவேன், பிரேக்க நம்பியா எறங்கறேன்?"

"கியரு வண்டிய மெதுவாக்குமுங்க. வளைவுல பஸ்ஸு வந்து எதுக்க நின்னா நிறுத்துமா?"

கூட்டத்தில் ஒருவர் என்னைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். அப்போது எதிர்க்கடைக்காரர் வந்தார். அடிக்க வருகிறார் என்றே நினைத்தேன். அவர் என்னிடம், "எப்புடிப் பாக்கலாமுன்னு சொல்லுங்க, பாத்துரலாம்" என்றார்.

குளக்கரைக்கு ஏறும் மேட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகச் சொன்னேன். மாலையோடும் சந்தனத்தோடும் வண்டி போனது, பூஜைக்கு வந்த கூட்டம் முழுக்கப் பின்னாலேயே வந்தது. மேட்டில் வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, முன்சக்கரங்களுக்குச் சற்றுத் தள்ளி முட்டுக் கட்டைகள் போட்டோம். கட்டைக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். எதிர்க்கடைக்காரர் சட்டைக் கையை மடித்தார். "ஹாரன் நான் மாட்டுனதுங்க. கட்டைகிட்ட நான் நிக்கறேன்." நான் கேபினுக்குள் ரங்கசாமிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

எஞ்சின் மெதுவாக ஓட, கியர் இல்லாமல், ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கால் பிரேக்கில் மட்டும் வண்டி நின்றது. "மலையில எறங்கறீங்கன்னு நெனச்சுக்குங்க. வளைவு வந்தா அடிங்க. பிரேக்க விட்டு விட்டுப் புடிங்க" என்றேன். அவர் அடித்தார். குளத்திலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. மறுபடி அடித்தார். காற்று மீட்டரின் முள் அசையவே இல்லை போலத் தெரிந்தது. விழு, விழு, விழுந்து தொலை என்று முள்ளை வேண்டிக்கொண்டிருந்தேன். எதற்காக வேண்டினேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அடுத்த ஊதலில் முள் லேசாகத் தலை சாய்ந்தது. பிறகு ஒவ்வொரு ஊதலுக்கும் இறங்கியது. ஹாரன் சத்தமும் கரகரத்துக் கம்மிப்போனது.

"போதும். இப்ப நல்லா மிதிங்க."

மிதித்தார். வண்டி நின்றபாடில்லை. மெல்ல நகர்ந்தது. ரங்கசாமி இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து எழுந்தே நின்றுவிட்டார். வண்டி நகர்ந்துகொண்டே போய்க் கட்டையில் தொம் என்று மோதி நின்றது. கட்டை வழுக்கிவிடாமல் எதிர்க்கடைக்காரர் இன்னொரு கட்டையைக் காலால் உதைத்துச் சொருகினார். நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ரங்கசாமி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவருடைய மனைவி கீழே நின்று முந்தானையை வாயில் வைத்து அழுதார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், நான் கேபினிலிருந்து மகாராஜா மாதிரி இறங்கினேன். ரங்கசாமி இனி என் கடைக்குத்தான் வருவார், ஊரே என் கடைக்குத்தான் வரும், அந்தப் பெஞ்சை எதிர்க்கடையில் விறகுக்கு விற்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். ஆனால் எதிர்க்கடைக்காரர் எனக்கு முன்னால் வாயைத் திறந்தார்.

"தப்பு என்னுதுங்க. மலை வண்டிக்கு நான் இதுவரைக்கும் மாட்டுனதில்ல, கேட்டுப்போட்டுச் செஞ்சிருக்கோணும். தனி டேங்க்கும் வால்வும் என் கைக்காசுலயே போட்டுத் தாரேன். அது முடியற வரைக்கும் வண்டி கெளம்ப வேண்டாமுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, அத்தனை பேர் முன்னால் கையைக் கூப்பினார். "நீங்க பக்கத்துல நின்னு காட்டிக் குடுக்கோணுமுங்க."

கூட்டம் ஆகா என்றது. யாரைப் பார்த்து? அவரைப் பார்த்து! என்ன பெருந்தன்மை, என்ன மனசு என்று டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். கண்டுபிடித்தவன் நான், பெயர் அவருக்கு. நான் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தேன். அவர் ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டார். நான் போடுவதைவிடச் சுத்தமாகப் போட்டார். அடுத்த மாதமே அவர் கடை முன்னால் ஒரு போர்டு வந்தது: "மலை வண்டிகளுக்குத் தனி டேங்க்குடன் ஹாரன் பொருத்தப்படும்." வால்பாறை வண்டி, கோத்தகிரி வண்டி, ஊட்டி வண்டி எல்லாம் அங்கே வரிசை கட்டின. எனக்கு வந்ததெல்லாம் பியூஸ் போன டெம்போக்கள்தான்.

ஆகவே தொழிலுக்காக நான் சொல்வது இதுதான். கையில் காசு குறைவாக இருப்பவர் வந்தால் வால்வையும் டேங்க்கையும் முதலில் எடுத்து வையுங்கள், மிச்சத்துக்கு எந்தக் குழல் வருகிறதோ அதை மாட்டுங்கள். பழைய கரண்ட் ஹாரனைக் கழற்றவே கழற்றாதீர்கள், காற்று இல்லாதபோது அதுவாவது கத்தும், ஊருக்குள்ளும் அதுதான் மரியாதை. முகம் சுண்டிப்போய் அவர் அடுத்த கடைக்குப் போனால் போகட்டும். ஆனால் அடுத்த கடையில் தப்பாக மாட்டியிருப்பது உங்கள் கண்ணில் பட்டால், போய்ச் சொல்லுங்கள். உங்கள் மனசு சுத்தமாகும் வரை காத்திருக்காதீர்கள். என் மனசு இன்றுவரை சுத்தமாகவில்லை. காத்திருந்தால் அந்த மனுஷன் மலையோடு போயிருப்பார்.

ரங்கசாமி வாரம் தவறாமல் லோடு இறக்கிவிட்டு எங்கள் ரோடு வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். முக்குத் திரும்பியதும் ஒரு நீள ஹாரன் அடிப்பார். அது எதிர்க்கடைக்கு வைக்கிற வணக்கம். ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றில் நெருப்பள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும்.

ஒரு ஆடி மாதம் மலையில் விடாத மழை. அந்த வாரம் வண்டி வர வேண்டிய நாளில் ஹாரன் சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டால் லைன் செத்துக் கிடந்தது. எங்கோ மண் சரிந்ததாகப் பஸ்காரர்கள் சொன்னார்கள். வால்வை எதிர்க்கடைக்காரர் நான் சொன்ன பக்கத்தில்தான் வைத்தாரா, நான்தான் சரியாகச் சொன்னேனா என்று மனசு பிறாண்டியது. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் ரோட்டைத் தாண்டி அந்தக் கடைக்குள் போனேன். எதிர்க்கடைக்காரர் வேலை எதையும் தொடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக் கேரியர் திறக்காமல் கிடந்தது.

"வண்டி வரலீங்களே" என்றேன்.

"அதானுங்க" என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இருவரும் தெருமுக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் சாய்கிற நேரத்துக்கு முக்கிலிருந்து அந்த ஹாரன் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோம். சேறு அப்பிய லாரி கடையைத் தாண்டிப் போனது, ரங்கசாமி கையை ஆட்டினார். எதிர்க்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"சத்தம் கொஞ்சம் கம்மியா இருக்குதுங்களே, என்னன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு என் கடைக்கு வந்துவிட்டேன்.

கம்மியெல்லாம் ஒன்றும் இல்லை. தெருவே அதிர்ந்தது.